தம்பிக்குக் குடலில் புண்: டிபியா, கிரோன்ஸா? எந்த மருந்தை ஆரம்பிப்பது?

உசிலை_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு வயது 24. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இரண்டு பேரும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏவாரம் பார்க்கிறோம். போன தீபாவளி முடிந்த கையோடு அவனுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு 4, 5 தடவை. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் அடிவயிற்றில் வலப்பக்கம் சுருட்டிப் பிடிக்கும். விலை பேசிக்கொண்டே இருக்கிறவன் அப்படியே பூ மூட்டை மேல் சாய்ந்துவிடுவான். வெந்நீர் குடித்து, குப்புறப் படுத்து, பத்து நிமிஷம் கழித்து எழுந்து வருவான்.

ஊரில் பார்த்த டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார், அப்புறம் அமீபாவுக்கு என்று மூன்று தடவை கோர்ஸ் கொடுத்தார். கேட்கவில்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கேஸ்தான், டென்ஷனில் வருவது, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட ஆரம்பித்தான். சாயங்காலம் ஆனால் மேல் சுடும். பூ நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தேன், 49 கிலோ. தீபாவளிக்கு முன்னால் 62 இருந்தவன்.

கடைசியில் ஒரு குடல் டாக்டர் ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனாஸ்கோப்பி செய்தார். சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும், அது பெருங்குடலோடு சேர்கிற வால்விலும் புண் இருக்கிறதாம். சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். கிரானுலோமா தெரிகிறது, டிபியாகவும் இருக்கலாம், கிரோன்ஸாகவும் இருக்கலாம், நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்து முடிவு செய்யவும் என்று ரிப்போர்ட் வந்தது. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டாக்டர் டிபி மருந்தை ஆரம்பிப்போம், இரண்டு மாதம் கழித்து மறுபடி கொலனாஸ்கோப்பி பார்ப்போம் என்கிறார். இன்னொரு டாக்டரிடம் காட்டினோம், எனக்குக் கிரோன்ஸ் போலத் தெரிகிறது, ஸ்டீராய்டு போட்டால் ஒரு வாரத்தில் நன்றாகிவிடுவான் என்கிறார்.

என்ன நோய் என்றே தெரியாமல் டிபி மாத்திரையைப் போடலாமா? சும்மா போட்டுப் பார்க்கிற மருந்தா அது? அம்மா வேறு, நம் வீட்டில் யாருக்கும் டிபி கிடையாது, வெளியில் தெரிந்தால் யார் பொண்ணு கொடுப்பார்கள் என்று அழுகிறது. ராத்திரி அவன் கக்கூஸ் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் எனக்கும் தூக்கம் போய்விடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_அக்கா

தம்பி, நான் குடல் நோய் வார்டில் 14 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் கிடையாது, அதனால் என் பேச்சை வைத்து எந்த மருந்தையும் மாற்றிவிடாதீர்கள். ஆனால் இந்தக் கேள்வியோடு வருகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர்களுக்கே தெரியவில்லை என்று பயப்படாதீர்கள். டிபி கிருமியால் வருவது, கிரோன்ஸ் உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குவதால் வருகிற நீண்டகால அழற்சி. ஆனால் பார்வைக்கு இரண்டு நோயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் ஆரம்பிக்கிற அந்த முக்கில்தான் குடல் டிபி அதிகமாக வரும், கிரோன்ஸுக்கும் அதே இடம்தான் பிடித்த இடம். இரண்டிலும் புண், இரண்டிலும் கிரானுலோமா என்கிற சின்னச் சின்ன அழற்சி முடிச்சு, இரண்டிலும் எடை இறங்கும், காய்ச்சல் வரும். 1932-ல் நியூயார்க்கில் டாக்டர் கிரோனும் அவரோடு சேர்ந்த இரண்டு பேரும் இது தனி நோய் என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் இந்த மாதிரிக் குடல்களில் பலதையும் டிபி கணக்கில்தான் சேர்த்துவந்தார்கள். டிபி குறைவாக உள்ள நாடுகளில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. நம்மிடம் டிபி அதிகம், அதனால் தினமும் வரும்.

பிரித்துப் பார்க்க என்னென்ன பார்ப்பார்கள் என்றால், பயாப்சியில் கிரானுலோமா நடுவில் பாலாடைக்கட்டி போலச் செத்த சதை இருந்தால் டிபி பக்கம் சாயும். சிடி ஸ்கேனில் நடு அழுகின நெறிக்கட்டி தெரிந்தாலும், வயிற்றில் நீர் கோத்திருந்தாலும் அப்படித்தான். குடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நடுவில் நல்ல சதை விட்டுவிட்டுப் புண் இருந்தால், ஆசனவாய்ப் பக்கம் சீழ்க்கட்டி அல்லது பவுத்திரம் இருந்தால், வாய்ப்புண், மூட்டு வீக்கம் கூடவே வந்தால் கிரோன்ஸ் பக்கம் சாயும். நெஞ்சு எக்ஸ்ரேயும் கட்டாயம் எடுப்பார்கள். எடுத்த சதையில் டிபி கிருமி இருக்கிறதா என்று ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அதில் கிருமி தெரிந்தால் பேச்சே இல்லை, டிபிதான். ஆனால் குடல் டிபியில் கிருமி எண்ணிக்கை குறைவு, அதனால் தெரியவில்லை என்பதற்காக டிபி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. கையில் ஊசி போட்டுத் தடிக்கிறதா என்று பார்க்கிற மான்டு சோதனையும் இதில் பெரிசாக உதவாது, நம் ஊரில் நிறையப் பேருக்கு நோய் இல்லாமலே தடிக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நடுவில் நின்றால் டிபி மருந்தை ஆரம்பிப்பதுதான் வழக்கம். காரணம் இதுதான். டிபி இருக்கிறவனுக்கு அதற்கான மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பின் எதிர்ப்பு சக்தி இறங்கி, குடலில் இருந்த கிருமி நுரையீரல், மூளை என்று பரவிவிடலாம். கிரோன்ஸ் இருக்கிறவனுக்கு இரண்டு மாதம் டிபி மருந்து கொடுத்தால் பெரும்பாலும் அந்த இரண்டு மாதம்தான் தாமதம். அதனால் முதல் டாக்டர் சொன்னது சும்மா போட்டுப் பார்க்கிற வேலை இல்லை.

நான் அடித்துச் சொல்கிற விஷயம் ஒன்றே ஒன்று. அந்த இரண்டாவது கொலனாஸ்கோப்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிபி மருந்து சாப்பிடுகிற கிரோன்ஸ் நோயாளிக்கும் கொஞ்ச நாள் வலி குறையும், பசி எடுக்கும், எடைகூட ஏறும். அதை நம்பி வீட்டில் எல்லோரும் டிபிதான், சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள். டிபியாக இருந்தால் இரண்டு மாதத்தில் புண் ஆறியிருக்கும் அல்லது நன்றாகவே ஆறிவருவது கண்ணுக்குத் தெரியும். கிரோன்ஸாக இருந்தால் புண் அப்படியே இருக்கும். ஆளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பார்க்காமலே ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று டிபி மருந்தை ஓட்டிவிட்டு, அதற்குள் குடல் சுருங்கி அடைத்து, அறுவை சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளை என் கையாலேயே தள்ளுவண்டியில் ஏற்றியிருக்கிறேன்.

டிபி மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பதிவு செய்கிறவர்களுக்குச் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பரிலிருந்து அந்தத் தொகை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பதற வேண்டாம், அது ரிஃபாம்பிசின் என்கிற டிபி மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, கண் பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். வயிறு கல் மாதிரி உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் மலமும் போகாமல் இருந்தால் அது குடல் அடைப்பு. ராத்திரி என்றாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், குடலுக்குள் மட்டும் இருக்கிற டிபி இருமல் தும்மலில் அடுத்தவருக்கு ஒட்டாது. நெஞ்சில் இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டால் வீட்டில் தட்டு டம்ளர் தனியாக வைக்க வேண்டியதே இல்லை.

சோழவந்தான்_வெற்றிலை

எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் வருஷக்கணக்கில் வயிற்றுப்போக்கு. மணத்தக்காளிக் கீரையும் மாதுளை ஓட்டுக் கஷாயமும் ஒரு மண்டலம் குடித்தார், நின்றுவிட்டது. இங்கிலீஷ் மருந்து வயிற்றைப் புண்ணாக்கும் தம்பி, அதுவும் டிபி மாத்திரை ரொம்பக் கடுமை. முதலில் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் அங்கே போகலாமே.

வார்டு_அக்கா

அண்ணே, மாமா குணமானது சந்தோஷம். அவருக்கு உள்ளே புண் இருந்ததா, என்ன நோய் என்று யாராவது குழாய் விட்டுப் பார்த்தார்களா? வயிற்றுப்போக்கு ஐம்பது காரணத்தில் வரும், பலது தானாகவே நிற்கும். இந்தத் தம்பிக்கு 13 கிலோ இறங்கியிருக்கிறது, ராத்திரி எழுந்து போகிறான், காய்ச்சல் வருகிறது, உள்ளே புண் இருப்பதைக் கண்ணால் பார்த்தும் ஆயிற்று. டென்ஷனில் வருகிற வயிறு ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பாது, எடையை இப்படி இறக்காது. மணத்தக்காளிக் கீரையைச் சமைத்துச் சாப்பிடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்துக்குப் பதிலாக வேண்டாம். டிபி மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து போனால் ஈரல் கெட்டது எதனால் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

ஆரப்பாளையம்_நடத்துனர்

உசிலைத் தம்பி, நான் மதுரை தேனி ரூட்டில் கண்டக்டர். எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸுக்குப் பங்காளி மாதிரி. கிரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், என்னுடையது பெருங்குடலில் மட்டும், மலக்குடலில் ஆரம்பித்து விடாமல் மேலே ஏறும். 2013-லிருந்து இருக்கிறது.

எனக்கு ரத்தமாகப் போனது. ரத்தம் என்றதும் மூலம் என்று ஒரே முடிவு. நானும் அப்படித்தான் நம்பினேன், ஒரு இடத்தில் போய் ஊசி போட்டுக்கொண்டேன், எட்டு மாதம் களிம்பு தடவினேன். மூலத்தில் ரத்தம் மலத்தோடு ஒட்டாமல் தனியாகச் சொட்டும். எனக்குச் சளியும் ரத்தமும் கலந்து போனது, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரியே முக்கிக்கொண்டு இருக்கும். அந்த வித்தியாசத்தை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி இருந்தால் களிம்பு வாங்குவதற்கு முன்னால் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். குழாய் விட்டுப் பார்க்க உடனே வழி இல்லை என்றால் மலத்தில் கால்புரொடெக்டின் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு, 250-க்கு மேல் போனால் உள்ளே நெருப்பு எரிகிறது என்று அர்த்தம். டிபியிலும் இது ஏறும், அதனால் உன் தம்பி விஷயத்தில் டிபியா கிரோன்ஸா என்று இது பிரித்துச் சொல்லாது. கிரோன்ஸ் என்று முடிவானால் பின்னால் ரொம்ப உதவும்.

அக்கா சொன்னார்களே, ஆளைப் பார்க்காதே புண்ணைப் பார் என்று, அது எனக்கு 2017-ல் புரிந்தது. குடல் அழற்சியை அடக்குகிற மெசலமின் மாத்திரையில் 14 மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு தடவைகூட ரத்தம் இல்லை, பரோட்டா சால்னாகூடச் சாப்பிட்டேன். நன்றாகத்தானே இருக்கிறோம், மாதம் இவ்வளவு ரூபாய் மாத்திரைக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டேன். மூன்று மாதம் ஒன்றும் இல்லை. அப்புறம் டியூட்டியில் இடுப்பு வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஐந்து நாள் போட்டேன், அதுவும் சேர்ந்துகொண்டது. இந்த நோய்க்காரர்களுக்கு அந்த வகை வலி மாத்திரை ஆகாது, பாராசிட்டமால்தான் போட வேண்டும், அது அப்போது எனக்குத் தெரியாது. ஆண்டிபட்டியைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருக்கும்போது வயிறு கலக்கியது. டிரைவர் அண்ணனுக்கு விசில் கொடுத்து நிறுத்தி, டிக்கெட் பையைக் கழற்றி முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டி மடியில் வைத்துவிட்டு, முள்ளுக்காட்டுக்குள் ஓடினேன். திரும்பி வரும்போது பேன்ட்டெல்லாம் ரத்தம். அந்தப் பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, தன் துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டது. ஒரு வாரத்தில் நாளைக்கு 12 தடவை ஆகி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பில் ஸ்டீராய்டு, 2 யூனிட் ரத்தம். நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் ரத்தமாகப் போய், கூடவே காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் வீட்டில் இருக்கக்கூடாது என்று அங்கேதான் சொன்னார்கள்.

அன்றிலிருந்து மாத்திரையை விட்டதில்லை. ராத்திரி ஆசனவாயில் வைக்கிற மெசலமின் சப்போசிட்டரியும் வைப்பேன். மதுரை வெயிலில் சட்டைப் பையில் வைத்தால் மெழுகு மாதிரி இளகிவிடும், வீட்டில் குளிர்ந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். இத்தனை வருஷம் ஆனவர்களுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால், நோய் ஆரம்பித்து எட்டு வருஷத்துக்குப் பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில் கொலனாஸ்கோப்பி செய்துகொண்டே இருக்க வேண்டும். நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

சாப்பாடு பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு நோய் கிளம்புகிற நாட்களில் குழைந்த சோறு, இட்லி, ரசம், தண்ணியான மோர், அவித்த முட்டை. அடங்கின பிறகு எல்லாம் சாப்பிடுகிறேன், பால் மட்டும் சேராது, அதனால் ஜிகர்தண்டா பக்கம் போவதில்லை. உன் தம்பிக்குக் குடல் சுருக்கம் இருப்பதாகச் சொன்னால் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, பலாச்சுளை இதெல்லாம் வேண்டாம், நார் போய் அடைத்துக்கொள்ளும். பீடி சிகரெட் இருந்தால் இன்றைக்கே விடச் சொல், கிரோன்ஸை அது ரொம்ப மோசமாக்கும்.

மேலூர்_மதினி

கல்யாணம் பற்றி அம்மா அழுவதாக எழுதியிருந்தீர்கள், அதற்காக மட்டும் எழுதுகிறேன். எனக்கு 21 வயதில் கிரோன்ஸ் என்று சொன்னார்கள். எங்கள் அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தே பேசினார். இரண்டு வரன் போயிற்று, மூன்றாவது அமைந்தது. இப்போது இரண்டு பிள்ளைகள். கர்ப்பத்தில் கிரோன்ஸை அடக்கி வைக்கிற அசாத்தியோப்ரின் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட்டேன். நோய் அடங்கியிருக்கும்போது குழந்தை உண்டாவதுதான் நல்லது, பயந்து மருந்தை விட்டால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் என்று சொன்னார்கள். இதே நோய்க்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் என்கிற மருந்து மட்டும் கர்ப்பத்தில் ஆகவே ஆகாது. அம்மாவை என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

உசிலை_மல்லி

பதினோரு வாரம் கழித்து எழுதுகிறேன். ஜீன்எக்ஸ்பர்ட்டில் ஒன்றும் தெரியவில்லை, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். டிபி மருந்தை ஆரம்பித்தோம். மூன்றாவது வாரத்திலேயே தம்பி முகம் தெளிந்தது. ராத்திரி எழுவது நின்றது, பூத் தராசில் 51.5 காட்டியது. அம்மா அழகர்கோவிலுக்கு நேர்ந்துகொண்டது. இரண்டு மாதம் முடிந்ததும் தம்பி, நான்தான் நன்றாக இருக்கிறேனே, மறுபடி எதற்கு அந்த இரண்டு லிட்டர் உப்புத் தண்ணியைக் குடிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். குடலைச் சுத்தமாக்குகிற அந்தப் பவுடரைக் கரைத்துக் கால் மணிக்கு ஒரு டம்ளர் குடித்து, மலம் வெறும் தண்ணியாக வருகிற வரை உட்கார்ந்திருப்பது கொடுமைதான், பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆனால் வார்டு அக்கா எழுதியதை அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, டம்ளரை எடுத்தான்.

புண் ஆறவில்லை. முதல் படத்தையும் இந்தப் படத்தையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே இடம், அதே வெள்ளைப் படலம், அதற்கு மேலே புதிதாக இரண்டு. சாதாரண டிபி மருந்துக்குக் கட்டுப்படாத டிபியா என்று பார்க்கச் சதை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு அனுப்பினார்கள், கிருமி வளரவில்லை என்று முதல் தடவை அனுப்பியதன் முடிவும் வந்திருந்தது. கிரோன்ஸ் என்று முடிவு செய்து, டிபி மருந்தை நிறுத்தி, பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டை 40 மில்லிகிராமில் ஆரம்பித்திருக்கிறார்கள். வாரம் 5 மில்லிகிராம் குறைக்க வேண்டுமாம், நாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாதாம். கூடவே கால்சியம், வைட்டமின் டி. அசாத்தியோப்ரின் ஆரம்பிக்க இன்றைக்கு ரத்தம் கொடுத்தோம். ஒரு சந்தேகம், அதற்கு வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு?

வார்டு_அக்கா

டம்ளரை எடுத்தான் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி.

அசாத்தியோப்ரின் சிலருக்கு வெள்ளை அணுக்களைச் சட்டென்று இறக்கிவிடும். என்யூடிடி15 என்கிற ஜீனில் ஒரு மாற்றம் இருக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம், நம் ஆசியக்காரர்களிடம் அது கூடுதலாகவே உண்டு. வசதி இருந்தால் அந்த ஜீன் டெஸ்ட்டை முன்கூட்டியே எடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். இல்லாவிட்டாலும் முதல் சில வாரம் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். அந்த எண்ணிக்கையை உசிலம்பட்டி அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம், ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தாலும், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தாலும், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ரத்தம் கொடுத்து, டாக்டருக்கும் போன் போடுங்கள். முடி அப்படிக் கொட்டுவது பல பேருக்கு வெள்ளை அணு இறங்குவதற்கு முன்னால் வருகிற அறிகுறி. இந்த மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதுவரை ஸ்டீராய்டுதான் தாங்கும். கேட்கவில்லை என்றால் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் என்று ஊசிகள் இருக்கின்றன, விலை கூடுதல், அதைப் பிறகு பார்ப்போம். தடுப்பூசி போட வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

ஆரப்பாளையம்_நடத்துனர்

தம்பி, உசிலையிலிருந்து மதுரைக்கு வர வேண்டியிருந்தால் காலை முதல் நடையில் வரச் சொல். செக்கானூரணியில் எந்தக் கக்கூஸ் சுத்தமாக இருக்கும், ஆரப்பாளையத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எல்லாம் எனக்குத் தெரியும், தனிச் செய்தியில் எழுதி அனுப்புகிறேன். பையில் ஒரு மாற்றுத் துணியும் ஒரு துண்டும் எப்போதும் இருக்கட்டும். நானும் ஒரு துண்டு கூடுதலாக வைத்திருக்கிறேன்.